ஆறு முறை திறந்த கதவு

இன்று காலை சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு அம்மா, தலை நிறைய மல்லிகை. வாசனை மூக்கில் பட்டதுதான் தாமதம், எழுந்து போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். "ஏம்மா, நான் என்ன கடிச்சா வெச்சுடுவேன்?" என்று அந்த அம்மா சத்தமாகவே கேட்டார். என் உடம்பில் பூ, பவுடர், சென்ட் எதுவும் ஒட்டக் கூடாது, நான் பார்த்துக்கொள்வது ஒரு நாள், இரண்டு நாள் வயதான கருக்களை, அவற்றுக்கு வாசனை ஆகாது என்று பஸ்ஸில் நின்றுகொண்டு எப்படிச் சொல்வது? நீ இருந்திருந்தால் தில்லை நகர் போய்ச் சேரும்வரை சிரித்திருப்பாய்.

குழந்தைப்பேறு சிகிச்சை மையத்து லேப்பில் நீயும் நானும் பதினோரு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். சுமங்கலிப் பெண் வெறுந்தலையோடு போகிறாளே என்று ஸ்ரீரங்கத்தில் உன் மாமியாருக்கு ஓயாத மனக்குறை. அவர் வைத்துவிட்ட பூவைத் தெரு திரும்பியதும் எடுத்து, ஆட்டோ ஸ்டாண்டு பிள்ளையாருக்குச் சாத்திவிட்டு வருவாய். நாள் முழுக்கப் பூவோடு உன்னை நான் பார்த்தது போன வருஷம் ஒரே ஒரு நாள்தான். அன்று நீ கண் திறக்கவில்லை.

பேர் வாசிக்கும் நேரத்தில்தான் இப்போது உன்னை அதிகமாகத் தேடுகிறேன். விந்தணு இருக்கும் டியூபில் எழுதியிருப்பதை ஒருத்தி வாசிக்க வேண்டும், முட்டை இருக்கும் டிஷ்ஷில் எழுதியிருப்பதை இன்னொருத்தி வாசிக்க வேண்டும். இரண்டும் பொருந்திய பிறகுதான் சேர்ப்போம். "கல்யாணப் பத்திரிகை வாசிக்கிற மாதிரியே இருக்குடி, அட்சதைதான் பாக்கி" என்பாய். இப்போது கருவி வந்துவிட்டது. லேபிளைக் காட்டினால் பீப் என்கிறது, வேலை முடிந்தது. சில நாள் காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் நான் வாயே திறப்பதில்லை.

உனக்கு இன்னொரு வழக்கம் உண்டு. காய்ச்சலில் கிடந்து எழுந்து வரும் கணவன்மாரிடம், "விந்தணு உருவாகி வெளிய வர ரெண்டரை மாசம் ஆகும் சார், மூணு மாசம் கழிச்சு வாங்க, புது சரக்கு வந்துடும்" என்பாய். அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பி, "ஆம்பளைங்களுக்குத் தினமும் புதுசு. நமக்கு மட்டும் அம்மா வயித்துல இருக்கும்போதே மொத்த முட்டையும் குடுத்தாச்சு, வெச்சு ஓட்டிக்கோன்னு" என்று முகத்தைச் சுளிப்பாய்.

உனக்கே சிகிச்சை என்று வந்தபோது உனக்கு முப்பத்தெட்டு. நான்கு முட்டை எடுத்ததில் ஒன்றுதான் முதிர்ந்திருந்தது. சொந்த முட்டையை நீ தொடக் கூடாது. "நீதான் பண்ணணும், வேற யார் கையும் வேணாம்" என்றாய். டாக்டரம்மா எதிரில் நின்று உன் பேரை வாசித்தார். உன் வீட்டுக்காரர் பேரை நான் வாசித்தேன். நன்றாக நீந்திய விந்தணு ஒன்றைப் பிடித்து, ஊசியால் அந்த முட்டைக்குள் விட்டேன். ஆயிரம் முறை செய்த வேலை, அன்று மட்டும் முடித்துவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

மறுநாள் காலை பார்த்தேன். முட்டைக்குள் இரண்டு வட்டங்கள், அம்மா பங்கு ஒன்று, அப்பா பங்கு ஒன்று. கரு உருவாகிவிட்டது. உனக்கு போன் போட்டேன். "எப்படி இருக்குடி?" "ரெண்டும் ஒட்டி உக்காந்திருக்கு." "யார் ஜாடை?" "மூக்கு உன்னோடதுதான்." நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் கேட்கிறது.

நான் இதுவரை உன்னிடம் சொல்லாதது இதற்குப் பிறகு நடந்தது. ஒருமுறை பார்த்துவிட்டு இன்குபேட்டரை மூட வேண்டும், மறுநாள்வரை தொடக் கூடாது. கதவைத் திறந்தால் சூடு போகும், உள்ளே இருக்கும் காற்றின் அளவு மாறும். "ஃபிரிட்ஜா இது? குழம்பு இருக்கான்னு எட்டிப் பாக்குறியா?" என்று புதிதாக வருகிறவர்களை நீயே எத்தனை முறை திட்டியிருக்கிறாய். நான் அன்று சாயங்காலத்துக்குள் ஆறு முறை திறந்தேன். ஆசை, வேறொன்றுமில்லை. பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் போல இருந்தது.

மூன்றாம் நாள் எட்டு செல் இருக்க வேண்டும். நான்கோடு நின்றுவிட்டது.

போனில் சொன்னேன். "முப்பத்தெட்டு வருஷத்து முட்டை, அது என்ன பண்ணும் பாவம். என்னோடதுதான் சரியில்ல" என்றாய். நான் "ம்" என்றேன். அந்த ஒரு "ம்" போதும், நான் எப்படிப்பட்டவள் என்று சொல்ல. உன் வீட்டில் இன்னொரு முறை வேண்டாம் என்றார்கள். திங்கட்கிழமை நீ வேலைக்கு வந்துவிட்டாய், அடுத்தவர்களின் பேரை வாசிக்க.

அப்புறம் ரத்தப் புற்றுநோய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டு, "அந்த ரெண்டு வட்டம் எப்படி இருந்துச்சுன்னு இன்னொரு தடவ சொல்லுடி" என்று கேட்டாய். சொன்னேன். "என் உடம்பு எதைத்தான் ஒழுங்கா முடிச்சிருக்கு" என்றாய். கதவு விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. சலைன் மாற்ற நர்ஸ் வந்தார். நான் எழுந்து வழிவிட்டேன். திரும்ப உட்கார்ந்தபோது நீ தூங்கியிருந்தாய். அதற்கப்புறமும் நான்கு நாள் வந்தேன், சொல்லவில்லை. பாவி நான்.

கதவுதான் காரணமா என்று டாக்டரம்மாவிடம் போன மாதம் கேட்டுவிட்டேன். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், அதை இனி யாரும் கண்டுபிடிக்க முடியாது" என்றார். அது எனக்கும் தெரியும். ஆனால் நான் திறந்ததை நீ தெரிந்துகொண்டிருந்தால், பழி முழுவதையும் உன் தலையில் போட்டுக்கொண்டு போயிருக்க மாட்டாய். பாதியையாவது என் பக்கம் தள்ளியிருப்பாய், நன்றாகத் திட்டியிருப்பாய், இரண்டு பேரும் அழுதிருப்போம்.

கரு நின்றுபோன பெண்கள் வெளியே நாற்காலியில் உட்கார்ந்து, "என் மேலதான் தப்பா மேடம்?" என்று கேட்கிறார்கள். "உங்க மேல இல்லைங்க" என்று கையைப் பிடித்துச் சொல்கிறேன். முகம் தெரியாதவர்களிடம் எல்லாம் எவ்வளவு சுலபமாக வருகிறது.

உன் வீட்டுக்காரர் அந்தக் கருவைப் பார்த்ததில்லை, நீயும் பார்த்ததில்லை. உன் பிள்ளையைக் கண்ணால் கண்டவள் நான் ஒருத்திதான். அதனால் நான் சொன்னால் நம்பலாம். உன் முட்டை மேல தப்பு இல்லடி. ஆறு தடவ பாத்தேன், ஆறு தடவையும் நல்லா இருந்துச்சு.