உன்னைத் தாண்டிப் போன ஒன்பது மணி

இன்று கம்பளிக் கோட்டை ஹீட்டர் மேல் காயப்போட்டேன். ஈரக் கம்பளி வாடை எழுந்ததும் நீ நினைவுக்கு வந்தாய். கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உன் ஒற்றை அறையில் எப்போதும் இந்த வாடைதான். பின்னாலேயே கோபமும் வந்தது. நீ போய் இரண்டு குளிர்காலம் ஆகியும் அது ஆறவில்லை.

அந்தத் தொலைபேசி வட்டம் உன் யோசனை. கணவர்கள் வேலைக்குப் போனபின் ஊர் விட்டு வந்த நாம் எட்டுப் பேரும் எட்டு வீடுகளில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலம். காலை ஒன்பது மணிக்கு ஒருத்தி அடுத்தவளை அழைக்க வேண்டும், அவள் அதற்கடுத்தவளை. யாராவது எடுக்காவிட்டால் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். "ரெண்டு வார்த்தை போறும்டி. சாப்ட்டியான்னு கேளு, வச்சுடு" என்பாய். உன்னை அழைப்பது என் முறை. என்றைக்கு இரண்டு வார்த்தையோடு நிறுத்தினோம்! ரசம் பொங்கி வழியும் வரை பேசுவோம்.

பிறகு நீ உன் புரொபசர் கணவரை விட்டு வெளியேறி அந்த ஒற்றை அறைக்குப் போனாய். ஏன் என்று எனக்குத் தெரியும். உன் மணிக்கட்டில் அவர் உண்டாக்கிய காயங்களைப் பார்த்திருக்கிறேன். நம் வட்டத்திலிருந்த புவாண்ட்-கிளேர் டாக்டர் வீட்டு மாமியும் பார்த்திருக்கிறாள். மாமி என்று சொல்ல வாய் வருகிறது, மரியாதை வரவில்லை. "ஆத்துக்காரரை விட்டுட்டு வந்தவளோட நமக்கென்ன பேச்சு? அவளைத் தாண்டி அடுத்தவளுக்குப் போடு" என்றாள். என் கணவருக்கு வேலை வாங்கித் தந்தவர் அவள் கணவர். நான் தாண்டினேன்.

முதல் நாள் நீயே அழைத்தாய். "என்னடி, இன்னிக்கு மறந்துட்டியா?"

"கொஞ்சம் வேலையா இருந்தேன்" என்றேன். அப்புறம் நீ கேட்கவே இல்லை.

அடுத்த மாதம் நான்கு நாள் காய்ச்சலில் கிடந்திருக்கிறாய். பால் வாங்க வரவில்லையே என்று தேடியவர் தெருமுனையிலிருந்த தெப்பனேர் என்ற சின்ன மளிகைக் கடைக்காரர், நம்மவர் ஒருவருமில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் போய்விட்டாய்.

இரங்கல் கூட்டத்தை மாமியே ஏற்பாடு செய்தாள். "தங்கமான பொண்ணு, தனியா விட்டுட்டோமே" என்று அவள் கண்ணைத் துடைத்தபோது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்தேன். யார் சொல்லி, யார் உன்னைத் தாண்டியது என்று எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தேன். என் கணவர் தலை குனிந்தார். அன்றோடு அந்த வட்டம் கலைந்தது.

நான் புதிதாக ஒன்று ஆரம்பித்தேன். நர்சுகள், தனியாகத் தங்கிப் படிக்கும் பெண்கள், கணவனை விட்டு வந்த ஒருத்தி. போன மாதம் மாமி போன் செய்தாள். டாக்டர் இறந்துவிட்டார், பிள்ளைகள் டொராண்டோவில். "பேச்சுத் துணைக்கு ஒருத்தருமில்லைடி. என்னையும் சேத்துக்கோயேன்."

நீயாக இருந்தால் "பாவம், விடுடி" என்றிருப்பாய். நான் நீ இல்லை. சேர்த்துக்கொண்டேன், ஆனால் மன்னித்து அல்ல. தினமும் அவள் யாரை அழைக்க வேண்டும் தெரியுமா? கணவனை விட்டு வந்தவளை. "சாப்ட்டியாம்மா?" என்று மாமி தன் வாயாலேயே கேட்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் வெளியே தள்ளிவிடுவேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

ஒன்பதேகாலுக்கு அந்தப் பெண்ணை அழைத்து விசாரிக்கிறேன். மாமி கூப்பிட்டாள் என்கிறாள், ஒவ்வொரு நாளும். நேற்று அரை மணி நேரம் பேசினார்களாம், மாமி அழுதாளாம். எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றும் தவறவில்லையே என்று ஏமாற்றமாகத்தான் இருந்தது.

மாமி வாயால் சொன்னாள், அவ்வளவுதான். உன் எண்ணை விட்டுவிட்டு அடுத்த எண்ணைச் சுழற்றியது என் விரல். அதற்கு என்ன தண்டனை கொடுப்பது, நீயே சொல்லேன்.