சவரிக்குச் சேர வேண்டிய சிலுவை

இயேசு மரி சூசை

என் பிரியமான நைனாவுக்கு, உங்கள் கையைத் தொட்டுக் கும்பிட்டு உங்கள் பிள்ளை எழுதுகிறேன்.

முதலில் என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன். மண்டியிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு, "சாமி, என் தம்பி இருக்கிறானே..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தவே இல்லை. கோயிலில் அவன் கல்யாணத்தை அறிவித்து மூன்றாம் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை அவன் கப்பலேறி ஓடிப்போனது, ஏழு வருஷம் ஒரு வரி எழுதாதது, உங்களைப் புதைக்கும்போதுகூட இல்லாதது என்று வரிசையாக அடுக்கினேன். சாமியார் பொறுமையாகக் கேட்டார். கடைசியில், "எல்லாம் சரிப்பா. இதுல உன் பாவம் எது?" என்றார்.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. இருபது வருஷமாக டிராமில் கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை. இரகசியம் பேச எனக்கு வராது. வெளியே வந்தால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னையே பார்க்கிறார்கள். கோயில் வாசலில் மெழுகுவத்தி விற்கிற அம்மாள், "அந்தத் தம்பி இப்ப எங்க கீறாரு?" என்று கேட்டே விட்டாள்.

அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சவரி வந்துவிட்டான், நைனா.

கல்லறைத் திருநாளுக்காக நம்ம கோயில் மாதப் பத்திரிகையில் நினைவுக் கடிதங்கள் போடப்போகிறார்களாம். உபதேசியார் என்னையும் எழுதச் சொன்னார். "மூணாவது பாரம் படிச்சவன் எழுத்துல பிழை இருக்குமே" என்றேன். "எழுத்துப் பிழையை நான் திருத்திக்கிறேன். மத்த பிழையை நீ திருத்திக்க" என்றார். சனிக்கிழமை அவரும் வரிசையில் நின்றிருந்தாரோ என்னவோ.

மற்ற பிழை எது என்று நானே சொல்கிறேன். சவரிக்குச் சேர வேண்டிய ஒன்றை இரண்டு வருஷமாக நான் வைத்துக்கொண்டிருந்தேன். கொடுத்தது நீங்கள். யாரிடம் கொடுத்தோம் என்பது உங்களுக்குத் தெரியாது.

சாமியார் வந்து உங்களுக்குக் கடைசி எண்ணெயாக அவஸ்தை பூசின அன்று காலை அது நடந்தது. கண்ணில் படலம் விழுந்து, ஆள் நிழல் மட்டும்தான் உங்களுக்குத் தெரியும். நான் டூட்டிக்குப் புறப்பட்டவன், காக்கிச் சட்டையோடு கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன். நீங்கள் என் முகத்தைத் தடவினீர்கள். தடவிவிட்டு, "சவரி, வந்துட்டியாடா?" என்றீர்கள்.

என் பெண்சாதி ஞானம் வெந்நீர் எடுக்க அடுப்பங்கரைக்குப் போயிருந்தாள். அறையில் நாம் இரண்டு பேர்தான். நான் என்ன செய்ய? "ஆமா நைனா, வந்துட்டேன்" என்றேன். உங்கள் கட்டைவிரல் என் நெற்றியில் சிலுவை போட்டது. "மன்னிச்சுட்டேன்டா. எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன். இனிமே வூட்டுலயே இரு." அதற்குப் பிறகு நீங்கள் பேசவில்லை.

வேத புஸ்தகத்தில் யாக்கோபு கண் தெரியாத தகப்பனிடம் ஆட்டுத் தோலைச் சுற்றிக்கொண்டு போய் அண்ணனுடைய ஆசீர்வாதத்தை வாங்கினான். எனக்கு ஆட்டுத் தோல்கூடத் தேவைப்படவில்லை. ஒரு வரி சொன்னாலே போதுமாயிருந்தது. அவனாவது அண்ணனை ஏமாற்றினான். நான் எந்தக் கணக்கில் சேர்வேன்? நான் ஏமாற்றியது உங்களையா, சவரியையா?

இரண்டு வாரத்துக்கு முன்னால், லஸ் முனையிலிருந்து வண்டி புறப்பட்ட நேரம். நல்ல கூட்டம். டிக்கெட் டிக்கெட் என்று நெருக்கிக்கொண்டு பின்பக்கம் வந்தால், கம்பியைப் பிடித்துக்கொண்டு தாடி வைத்த ஒரு ஒல்லி ஆள். முன்பல் ஒன்று இல்லை. பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. அவனுக்கும் தெரிந்துவிட்டது. ஏழு வருஷத்துக்குப் பிறகு தம்பியைப் பார்க்கிற அண்ணன் என்ன கேட்பான்? நான் கேட்டது, "எங்கே போகணும்?"

"வூட்டுக்கு, அண்ணே" என்றான்.

"வூட்டுக்கெல்லாம் டிராம் போவாது. ஸ்டாப் பேரைச் சொல்லு."

வண்டியே சிரித்தது. "நல்லாச் சொன்னே கண்டக்டரே!" என்று ஒரு கூடைக்காரி தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். ராயப்பேட்டையில் வண்டி நின்றதும் இறங்கிவிட்டான். இறங்கி நின்று என்னைப் பார்த்தான். புறப்படுகிற மணியை நான்தான் அடித்தேன், நைனா. ஒரு நிமிஷம் அடிக்காமல் இருந்திருக்கலாம். அடித்தேன்.

அன்று சாயங்காலம் ஞானத்திடம், "நைனாவோட சின்னப் பிள்ளை வந்திருக்கான்" என்று மட்டும் சொன்னேன்.

"நைனாவோட பிள்ளைன்னா உங்களுக்கு யாராம்? எதுத்த வூட்டுக்காரரா?" என்றாள். பிறகு டிராமில் நடந்ததையும் கறந்துவிட்டாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "வூட்டுக்குன்னு சொன்ன மனுசனை நடுவழியில எறக்கி வுட்டுட்டு, இங்க வந்து ரசம் கேக்குறீங்களா?" அன்று எனக்கு ரசம் கிடைக்கவில்லை.

என் மகள் ரோசலி ஞானோபதேச வகுப்பில் ஊதாரிப் பிள்ளை உவமையைப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளும் சேர்ந்துகொண்டாள். "அப்பா, அந்தக் கதையில வர்ற அண்ணனும் உங்களை மாதிரிதான். தம்பின்னு சொல்லவே மாட்டாரு. 'உம்முடைய பிள்ளை'ன்னுதான் சொல்லுவாரு. அவங்க அப்பாதான் 'உன் தம்பி'ன்னு திருத்துவாரு."

இந்த உவமையை நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! இது ஒரு நாளும் என் காதில் விழுந்ததில்லை. திரும்பி வந்த சின்னவனுக்குத் தகப்பன் கன்றுக்குட்டி அடித்ததும் மோதிரம் போட்டதும்தான் நினைவிருக்கிறது.

"அப்புறம், கோவிச்சுக்கினு வெளியில நின்ன அந்த அண்ணன் வூட்டுக்குள்ள போனாரா, வெளியிலயே நின்னாராப்பா? சிஸ்டரைக் கேட்டேன். அதுக்குள்ள மணி அடிச்சிடுச்சு."

"டூட்டிக்கு நேரமாயிருக்கும், போயிருப்பார்" என்றேன்.

"அந்த வூட்டுல ஒரு பொம்பளை இருந்திருந்தா," என்றாள் ஞானம், "கன்னுக்குட்டியை அப்புறம் பாத்துக்கலாம்னு, பெரியவன் கையைப் புடிச்சு மொதல்ல உள்ள இழுத்துக்கினு வந்திருப்பா."

எனக்கு வேறு ஒன்று குடைந்தது. கதையில் தகப்பன் உயிரோடு இருக்கிறார். தூரத்தில் பிள்ளை வருவதைப் பார்த்ததும் ஓடிப்போய்க் கட்டிக்கொள்கிறார். தகப்பன் செத்துப்போய், வாசலில் பெரியவன் மட்டும் நின்றுகொண்டிருந்தால் அந்த ஊதாரி யாரிடம் போவான்? அதைப் பற்றி சுவிசேஷத்தில் ஒரு வரி இல்லை.

அதற்குப் பிறகு எனக்கு வேலை ஓடவில்லை. ராயப்பேட்டை வரும்போதெல்லாம் பாதி உடம்பை வெளியே நீட்டித் தேடினேன். "தலையை உள்ள இழு அண்ணாத்தே, கம்பம் அடிச்சா உனக்குச் சாவோலை வாசிப்பாங்க" என்று டிரைவர் கத்தினான். ஒரே ஆளுக்கு இரண்டு தரம் டிக்கெட் கிழித்தேன். அடையாற்றிலிருந்து வந்த ஒரு துரைசாணியைப் பார்த்து, "நீ எங்கே போகணும், சவரி?" என்று கேட்டுவிட்டேன். கண்டக்டருக்கு வெயில் ஏறிவிட்டது என்று யாரோ எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

பிறகுதான் ஒரு நாள் கண்ணில் பட்டான். ஸ்டாப்புக்கு எதிரே ஒரு பாய் நடத்துகிற தையல் கடை. அங்கே மிஷின் மிதித்துக்கொண்டிருந்தான். பார்த்துவிட்டு, அடுத்த மணியை அடித்துக்கொண்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். அதற்கடுத்த நாள்தான் பாவசங்கீர்த்தனம். நான் எல்லாம் சொல்லி முடித்தபோது சாமியார், "பொறுத்துக்கிறேன்னு அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். பொறுத்துக்கொண்டது நான் இல்லை, என் நைனா என்றேன். "அப்ப அதைக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வா. பாவமன்னிப்பு அதுக்கப்புறம்" என்று கிராதிக் கதவைச் சாத்திவிட்டார்.

மறுநாள் ஞாயிறு. பூசை முடிந்து நேரே ராயப்பேட்டை போனேன். பாய் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். "வாங்க வாங்க! சட்டையா, நிஜாரா?" என்றார். தம்பியைப் பார்க்க வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயில் வந்தது, "சட்டை."

"சவரி, அளவு எடுப்பா!"

அவன் டேப்பை எடுத்துக்கொண்டு வந்தான், நைனா. என் கழுத்தைச் சுற்றி அளந்தான், தோளை அளந்தான், கையைத் தூக்கச் சொல்லி மார்பை அளந்தான். ஒவ்வொரு அளவையும் பாயைப் பார்த்துக் கூவினான். இடுப்பு வந்தபோது மட்டும் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு, "தொந்தி போட்டுட்டே அண்ணே" என்றான்.

"நீ எளைச்சுட்டே" என்றேன்.

"ஜப்பான்காரன் போட்ட சோறு."

பினாங்கில் கற்றுக்கொண்ட தொழிலாம். எழுதினால் நீங்கள் கிழித்துப் போட்டுவிடுவீர்கள் என்று முதலில் எழுதவில்லையாம். எழுதலாம் என்று மனசு வந்தபோது சண்டை வந்து தபால் நின்றுவிட்டதாம். இதையெல்லாம் என் முதுகுக்குப் பின்னால் நின்று, முதுகை அளந்துகொண்டே சொன்னான்.

"அன்னைக்கு டிராமை வுட்டு எறங்கினப்புறம் வூட்டுக்கு வர்றதுக்குத் தெகிரியம் இல்லே. அம்மாவைப் பாத்துட்டுப் போலாம்னு கல்லறைக்குப் போனேன். பக்கத்துக் கல்லுல நைனா பேரு இருந்திச்சு."

நான் மணி அடித்ததால், நீங்கள் போய்விட்டதை அவன் கல்லில் படித்துத் தெரிந்துகொண்டான்.

"கடைசியில என்னைப் பத்தி எதுனா சொன்னாரா அண்ணே?"

இதற்காகத்தானே போனேன்? சொல்லியிருக்க வேண்டும். "ஒண்ணும் சொல்லலே" என்றேன். அவன் தலையாட்டினான். டேப்பைச் சுருட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டான். "அரைக்கை போதுமா?" என்று பாய் கேட்டார். "போதும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

டிராம் வந்தது. ஒரு காலை ஏறுபடியில் வைத்துவிட்டேன். நம்ம டிப்போ ஆள்தான் கண்டக்டர். அந்தப் பாவி என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, "எங்க, வூட்டுக்கா?" என்றான்.

காலை எடுத்துவிட்டேன். எடுத்து, ரோட்டைக் கடந்து ஓடினேன். கதையில் தகப்பன் எப்படி ஓடினாரோ தெரியாது. நான் ஓடினதைப் பார்த்து ஒரு ஜட்காக்குதிரை மிரண்டுவிட்டது. கடையில் ஏறி, மூச்சு வாங்கிக்கொண்டு, "பொய் சொல்லிட்டேன்டா. சொன்னாரு" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். என் இரகசியக் குரலில்தான், அதாவது தெருவுக்கே கேட்கிற மாதிரி. மற்ற இரண்டு மிஷினும் நின்றுவிட்டன. பாய் தலைக்குல்லாவைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றார்.

"என்னை நீன்னு நெனச்சுக்கினாரு. நானும் ஆமான்னுட்டேன்."

"நானாவா நடிச்சே?" என்றான் சவரி. சிரிப்பதா என்று தெரியாமல் அந்த ஓட்டைப் பல் தெரிய நின்றான்.

"ஒரு வரிதான். அதுக்குள்ள மன்னிச்சுட்டாரு. இது உனக்குப் போட்டது, வாங்கிக்க" என்று அவன் நெற்றியில் கட்டைவிரலால் சிலுவை போட்டேன். பதற்றத்தில் மேசைமேல் கிடந்த தையல் சாக்கட்டியைப் பிசைந்துகொண்டிருந்திருக்கிறேன் போல. நெற்றியில் நீலமாகப் பெரிய சிலுவை விழுந்துவிட்டது. அவன் அதைத் துடைக்கவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

"அழட்டும், வுடுங்க" என்றார் பாய். "உங்க வாப்பா குடுத்தது வந்து சேந்துடுச்சுல்ல."

இப்போது சவரி நம்ம வீட்டில்தான் இருக்கிறான். உங்கள் கட்டிலில் படுக்கச் சொன்னால் மாட்டேன் என்று தரையில் படுக்கிறான். ஞானம் அவனுக்கு ரசம் ஊற்றுகிறாள், எனக்கும் ஊற்றுகிறாள். ரேஷனில் கன்றுக்குட்டி கிடையாது என்பதால் கருவாட்டுக் குழம்போடு விருந்தை முடித்துக்கொண்டோம். ரோசலி அவனைச் சித்தப்பா என்கிறாள். நான் தம்பி என்கிறேன். வாய் பழகிக்கொண்டிருக்கிறது.

கல்லறைத் திருநாளன்று இரண்டு பேரும் வருகிறோம், நைனா. இது சத்தியம். அவனை முன்னால் விட்டு, நான் பின்னால் வருவேன்.

ஆனால் மனசு இன்னும் அடங்கவில்லை. அன்று கடையில் அழுது ஓய்ந்ததும் சவரி முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு கேள்வி கேட்டான். "எனக்குச் சொன்னது சரி. உனக்கு இன்னா சொன்னாரு அண்ணே?"

"எனக்கா? நான்தான் கூடவே இருந்தேனே, எனக்கு எதுக்குடா தனியா?" என்று சிரித்துச் சமாளித்துவிட்டேன்.

அவனிடம் அப்படிச் சொல்லலாம். உங்களிடம் எதற்கு மறைக்க வேண்டும்? அன்று காலை உங்கள் விரல் என் நெற்றியில் இருந்தபோது ஒரு வார்த்தை என் தொண்டை வரைக்கும் வந்தது. வண்டி முழுக்கக் கேட்கக் கத்துகிற தொண்டை, அன்று திறக்கவில்லை. நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: நைனா, இது சவரி இல்லை. நான்தான் அருளப்பன். எனக்கும் ஒன்று போடுங்கள்.

உங்கள் மூத்த பிள்ளை,
அருளப்பன்