நீல வளையம்

பிரிஸ்பேன்
பிப்ரவரி 14, 1979

அன்புள்ள மெர்ல்,

உன் கட்டு வந்தது. ரோசெல்லா ஜாமும் உடையாமல் வந்தது. இப்போது பாதிதான் மிச்சம். திருத்த வேண்டிய விடைத்தாள்களை ஒதுக்கிவிட்டு உன் குறிப்புகளை வாசித்தேன்.

ஆண் குடில் பறவை குச்சிகளால் குடில் கட்டி, நீலச் சாமான்களைப் பரப்பிப் பெண்ணை அழைக்கும். அடுத்தவன் குடிலில் நீலத்தைத் திருடும். இதெல்லாம் தெரிந்த சங்கதி. எதிரியின் காலைக் கவ்வி இழுத்துச் சண்டை போடும் என்று இதுவரை யாரும் எழுதியதில்லை. உன் மேய்ச்சல் நிலத்து ஓரக் காட்டில் அதைப் பருவம் தவறாமல் பார்த்திருக்கிறாய். அன்று நம் பறவை ஆர்வலர் சங்கக் கூட்டத்தில் பாஸ்கோ, "மாடு கறக்கிற நேரத்துல கனவு கண்டிருப்பாங்க" என்று எல்லோரையும் சிரிக்க வைத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. பறவையியல் இதழில் இது அச்சாகும், உன் பெயரில் மட்டும். நடையைச் சரிசெய்வதுதான் என் வேலை.

ஒரு குறை. அடையாளத்துக்குக் கால் வளையம் மாட்டியதாக எழுதியிருக்கிறாய். என்ன நிறம்? அதைக் கட்டாயம் குறிப்பிட வேண்டும்.

அன்புடன்,
நெரிடா


மலைப் பண்ணை
பிப்ரவரி 25

நெரிடா,

நிறமா? நீலம்தான். தூரத்திலிருந்தே பளிச்சென்று தெரியும். கிளாரி அன்றைக்கே கிண்டலடித்தார்: "கட்டின பொண்டாட்டிக்கு நான் ஒரே ஒரு மோதிரம்தான் போட்டேன். நீ காலுக்கு ஒண்ணா மாட்டி விடுறியே."

மழை விடவில்லை. பால் லாரி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. நீ சீக்கிரம் அனுப்பு. அச்சில் பார்க்கும்போது பாஸ்கோவின் முகத்தை நான் பார்க்க வேண்டும்.

மெர்ல்


பிரிஸ்பேன்
மார்ச் 4

அன்புள்ள மெர்ல்,

உன் கடிதத்தை வாசித்துவிட்டுத் தேநீர் போட்டேன், குடிக்க மறந்துபோனேன். நீலத்துக்காக அடுத்தவன் வீட்டில் திருடுகிற பறவையின் காலிலேயே நீலத்தை மாட்டியிருக்கிறோம். அவை காலைக் கவ்வவில்லை, வளையத்தைத்தான் கவ்வின என்று நினைக்கிறேன்.

மரியாதைக்காக "மாட்டியிருக்கிறோம்" என்று என்னையும் சேர்த்து எழுதவில்லை. இத்தனை நாள் உன் கடிதங்களை வாசித்தும் எனக்குக் கேட்கத் தோன்றவில்லையே.

நிறத்தைச் சொல்லாமல் விட்டால் இதழ்க்காரர்கள் கேட்காமலும் போகலாம். அந்த யோசனை எனக்கும் வந்தது. ஆனால் இதை நம்பி இன்னொருத்தி காட்டில் போய் உட்காருவாள். அதனால் நான் அனுப்பப் போவதில்லை.

வேறு நிறம் மாட்டிப் பார். சண்டை தொடர்ந்தால் நான் சொன்னது தப்பு. நின்றால் வேறொரு கட்டுரை எழுதுவோம். வளையம் மாட்டுகிற ஒவ்வொருவருக்கும் அது தேவைப்படும். கோபம் வந்தால் திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

நெரிடா


பிரிஸ்பேன்
ஜூலை 22

அன்புள்ள மெர்ல்,

ஈஸ்டருக்கு எழுதினேன், பதில் இல்லை. சங்கத்துக்கும் நீ வரவில்லை. கிளாரி மட்டும் வந்து கேக் தட்டை வைத்தார். அவரிடம் கேட்டேன். "அவ நல்லாத்தான் இருக்கா. உன் பேரச் சொன்னா மட்டும் பால் வாளி கொஞ்சம் சத்தமா விழுது" என்றார்.

உன் பழைய கட்டுரை என் மேசையில்தான் இருக்கிறது. சொன்ன சொல்லை நான் மாற்றிக்கொள்ளவில்லை. உன்னையும் விடுவதாக இல்லை.

நெரிடா


மலைப் பண்ணை
நவம்பர் 28

நெரிடா,

திட்டி இரண்டு கடிதம் எழுதினேன். இரண்டும் அடுப்புக்குப் போயின. மூன்றாவது எழுதுவதற்குப் பதில் வலையை எடுத்தேன். பருவம் தொடங்கும் முன்பே பாதிப் பறவைகளுக்கு மஞ்சள் மாட்டினேன். மீதிக்கு நீலத்தை விட்டுவைத்தேன். மஞ்சள் காலை ஒருவனும் சீண்டவில்லை. நீலக் காலை ஒருவனும் விடவில்லை. பார்த்து முடித்ததும் எல்லா நீலத்தையும் கழற்றிவிட்டேன். முடிவு தெரியாமல் உனக்கு எழுதக் கூடாது என்றிருந்தேன். கொஞ்சம் கோபமும்தான்.

நேற்று ஆண் பறவைகளில் பெரியவனின் குடிலில், நீல மூடிகளுக்கும் என் துணிக் கிளிப்புக்கும் நடுவில், போன வருஷம் ஒரு பறவையின் காலிலிருந்து காணாமல் போன வளையம் கிடந்தது. போட்டோ வைத்திருக்கிறேன். எடுக்கக் கை நீட்டினேன். கிளையிலிருந்து அவன் போட்ட சத்தத்தில் கையை இழுத்துக்கொண்டேன். பாவம், பாடுபட்டுச் சம்பாதித்தது.

பழைய கட்டுரையைக் கிழித்துவிடு. புதியதில் என் தவறை முதல் வரியிலேயே போடு. பாஸ்கோவும் அவர் குன்றுப் பறவைகளுக்கு நீலம்தான் மாட்டியிருக்கிறார். அவருக்கான பிரதியை நானே நேரில் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

உன்,
மெர்ல்


பிரிஸ்பேன்
பிப்ரவரி 20, 1980

அன்புள்ள மெர்ல்,

ஏற்றுக்கொண்டார்கள். ஜூன் இதழில், உன் பெயரில் வருகிறது. நன்றி வரியில் நானும், மோதிரம் போட்ட புண்ணியத்துக்குக் கிளாரியும். ஜாம் தீர்ந்து எத்தனை நாளாகிறது என்று நான் சொல்லப்போவதில்லை.

இதழாசிரியர் ஒன்று மட்டும் கேட்டிருந்தார்: சான்றான அந்த வளையம் இப்போது எந்த அருங்காட்சியகத்தில் இருக்கிறது? உன்னைக் கேட்காமலே பதில் எழுதிவிட்டேன்: "கண்டெடுத்த இடத்திலேயே உள்ளது. உரிமையாளர் தர மறுக்கிறார்."

அப்படியே அச்சிடுகிறார்களாம்.

உன்,
நெரிடா