நூறா, நானூறா

அன்புள்ள சின்னக்குட்டிக்கு,

அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்டிருந்தாய். முதலில் ஃபிலிம் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

கறுப்பு வெள்ளையில் நான் எப்போதும் வாங்குவது நானூறு ஸ்பீட் ஃபிலிம்; ஓடுகிற ஆளையும் பிடித்துவிடும், படத்தில் கொஞ்சம் புள்ளி விழும், அவ்வளவுதான். நூறில் புள்ளி தெரியாது, படம் வழவழவென்று வரும். ஆனால் வீட்டுக்குள் எடுத்தால் எதிரில் இருப்பவர் அசையாமல் இருக்க வேண்டும். உன் அப்பாவா இருப்பார்? உன் பட்டமளிப்புப் படத்திலேயே அவருக்கு இரண்டு மூக்கு.

இந்த முறை நூறு கேட்டேன். கடைக்காரர் சிரித்துவிட்டார்.

"சாரை எடுக்கவா? அவரு ஒரு இடத்துல உக்கார மாட்டாரேக்கா!"

"இப்ப உக்கார்றார்," என்றேன். அவர் பில் போட்டார்.

ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, இரண்டு பக்கமும் தலையணை முட்டுக்கொடுத்து உட்காரவைத்தேன். ஷட்டரை ஒரு முழு நொடி திறந்து வைத்தேன். கழுவிப் பார்த்தால் சட்டைப் பொத்தானில் நூல்கூடத் தெரிகிறது. மூக்கும் ஒன்றுதான். இத்தனை வருடத்தில் அவரை இவ்வளவு தெளிவாக நான் எடுத்ததில்லை.

லீவை அடுத்த மாதத்துக்குத் தள்ளாதே. உன் மகளையும் கூட்டி வா. நானூறு ரோல் ஒன்று பிரிக்காமலே கிடக்கிறது. இந்த வீட்டில் இனி அவள்தான் ஓடவேண்டும்.

இப்படிக்கு,
அம்மா