கீழே ஓர் ஆள்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அத்தை எழுதுகிறேன். நலமா என்று கேட்டால் "இருக்கேன் அத்தை" என்பீர்கள். அதனால் அந்தக் கேள்வியைக் கேட்காமலே இந்தக் கடிதத்தைத் தொடங்குகிறேன்.

இங்கே என் வலது முட்டி எப்போதும்போல் மாடிப்படியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. படுக்கையறை மின்விசிறியின் கடகடச் சத்தத்தை ஒருவழியாக ஆள் வந்து சரிசெய்துவிட்டார். இப்போது அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கம் வருவதில்லை. என்னைப் பற்றிய செய்தி இவ்வளவுதான்.

நேற்றுத் தொலைபேசியில் பேசிவிட்டு இன்று எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். தொலைபேசியில் நான் எது சொன்னாலும் "சரி அத்தை" என்கிறீர்கள். பள்ளியில் இத்தனை வருடம் வேதியியல் நடத்திய எனக்கு அந்தச் "சரி"யை நன்றாகத் தெரியும். பாடம் புரிந்த பிள்ளை சந்தேகம் கேட்கும். புரியாத பிள்ளைதான் முந்திக்கொண்டு "சரி டீச்சர்" என்று தலையாட்டும். கடிதத்திடம் "சரி" சொல்லித் தப்பிக்க முடியாது. மறுபடி படிக்கலாம், மேசைமேல் விரித்து வைத்துக்கொள்ளலாம். அதுவுமில்லாமல், நேற்றுப் பாதியில் சத்தம் போட்டுவிட்டேன். எழுதும்போது அந்தத் தொல்லை இல்லை.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் காக்கிச் சட்டை.

துவைத்து எடுத்தால் முன்பக்கம் முழுக்கச் சின்னச் சின்ன ஓட்டை என்றீர்கள். கீழ்வீட்டுத் தையல்கார அக்கா அதைப் பார்த்துவிட்டு, "எலியா இருந்தா ஓரத்தைக் கடிக்கும், இது என்ன வயித்துப் பக்கமா பார்த்துப் பார்த்துக் கடிச்சிருக்கு?" என்று கேட்டதாகச் சொல்லிச் சிரித்தீர்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு உங்கள் சிரிப்பைக் கேட்டேன். கூடச் சேர்ந்து சிரிக்க முடியாமல் போனது. அது எலி இல்லை என்று எனக்கு அந்த நொடியே தெரிந்துவிட்டது.

கந்தக அமிலம் பருத்தித் துணியில் தெறித்தால் அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டதுபோல் இருக்கும். துணி காய்ந்துவிட்டது என்று நாம் நினைப்போம். காய்வது தண்ணீர் மட்டும்தான். விருந்துக்கு வந்த இருவரில் ஒருவர் எழுந்து போய்விட, மற்றவர் போகாமல் உட்கார்ந்திருப்பதைப்போல, தண்ணீர் போன பிறகும் அமிலம் நூலுக்குள் உட்கார்ந்திருக்கும். போகப்போக வீரியம்தான் கூடும். துவைக்கும்போது அரித்த இடமெல்லாம் உதிர்ந்துவிடும். என் ஆய்வகப் புடவைகள் எல்லாவற்றிலும் அந்த ஓட்டை உண்டு. என் பெண் சின்னவளாக இருந்தபோது அதில் விரலை விட்டு விளையாடுவாள்.

அதனால்தான் கேட்டேன், அவள் அறையில் அமிலப் புட்டியைத் திறந்தீர்களா என்று. திறந்தேன் என்றீர்கள். பிறகு சொன்னீர்கள்: "அது சின்னதாகிட்டே போகுது அத்தை. அவ விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான். அதையும் காப்பாத்தத் தெரியல."

மாப்பிள்ளை, ஜாடியில் அவள் வளர்த்த அந்த நீலப் படிகத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் மேல் தவறில்லை. ஜாடியில் தண்ணீர் குறைகிறதே என்று செடிக்கு ஊற்றுவதைப்போல் தினமும் ஊற்றி வந்திருக்கிறீர்கள். ஆனால் தண்ணீர் குறையக் குறையத்தான் படிகம் வளரும். கரைசலில் இடம் போதாமல் வெளியே வரும் மயில்துத்தம்தான் நூலில் தொங்குவதன் மேல் போய் ஒட்டிக்கொள்கிறது. நிறைந்த பேருந்தில் மேலும் ஆள் ஏற முடியாமல் படியில் தொங்குவார்களே, அப்படி. நீங்கள் தண்ணீர் ஊற்றியதும் பேருந்தில் இடம் காலியாகிவிட்டது. தொங்கியவர்கள் உள்ளே போய்விட்டார்கள். படிகம் கரைந்தது அதனால்தான். அன்பாகச் செய்த காரியம்தான். ஆனால் வேதியியலுக்கு அன்பு தெரியாது.

பிறகு சத்துப் போதவில்லை என்று நினைத்து அமிலத்தைத் தேடிப் போயிருக்கிறீர்கள். அவள் தாமிரத்தை அமிலத்தில் கரைத்துத் துத்தம் செய்வதைப் பார்த்தவர் நீங்கள். கடையில் கிடைப்பதை வாங்கிக்கொள்ளேன் என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். "கடையில வாங்கினா அது கடைக்காரரோட படிகம்மா" என்பாள். நாள் முழுக்க மருந்துக் கடையில் யாரோ செய்த மாத்திரையை எடுத்துக் கொடுப்பவளுக்கு, வீட்டில் ஒன்றாவது தன் கையால் செய்ததாக இருக்க வேண்டும். ஆனால் வளர்ந்த படிகத்துக்கு அமிலம் தேவையே இல்லை. ஒரு சொட்டும் வேண்டாம்.

எதில் எதை ஊற்றிக் கலந்தீர்கள், அமிலத்தில் தண்ணீரையா, தண்ணீரில் அமிலத்தையா என்று கேட்டேன். "ஞாபகம் இல்ல அத்தை" என்றீர்கள். எதில் அளந்தீர்கள் என்று கேட்டேன். "டம்ளர்ல" என்றீர்கள். கண்ணாடி போட்டீர்களா என்று கேட்டதற்கு, அவளுடைய பாதுகாப்புக் கண்ணாடியின் பட்டையில் அவள் முடி ஒன்று சிக்கியிருக்கிறது, எடுத்து மாட்ட மனசு வரவில்லை என்றீர்கள். முகத்தில் தெறித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சத்தம் போட்டபோது, மெதுவாக, "ஆனா ஆகட்டுமே அத்தை" என்றீர்கள்.

அந்த வார்த்தைக்குத்தான் இந்தக் கடிதம்.

கொதிக்கும் எண்ணெயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் என்ன ஆகும் என்று சமையலறைக்குள் போன எல்லோருக்கும் தெரியும். அடர்ந்த அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் அப்படித்தான். மேலே விழுந்த தண்ணீர் அந்த இடத்திலேயே கொதித்து, அமிலத்தையும் சேர்த்து உங்கள் முகத்தில் வீசும். எப்போதும் தண்ணீர் முதலில். அதில் அமிலம் கொஞ்சம் கொஞ்சமாக, கலக்கிக்கொண்டே. அந்த டம்ளரைச் சமையலறைக்குத் திருப்பிக் கொண்டுபோகாதீர்கள். கழுவினால் போதுமே என்று நினைக்காதீர்கள். அது இனி டம்ளர் இல்லை. ஆய்வகத்தில் ஒருமுறை நுழைந்த பாத்திரம் மறுபடி வீட்டுக்கு வராது.

உங்கள் மூக்குக் கண்ணாடி படிப்பதற்கு ஆனது. பக்கவாட்டில் கதவு இல்லாத வீடு மாதிரி திறந்து கிடக்கும். அவள் கண்ணாடி அப்படியே இருக்கட்டும். அந்த முடியை எடுக்க வேண்டாம். உங்கள் மூக்குக் கண்ணாடிக்கு மேலேயே மாட்டுகிற மாதிரி புதிதாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மின்கம்பத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் ரப்பர் கையுறையை இதற்கு எடுக்காதீர்கள். அமிலம் பட்டு அது பலவீனமானால் நாளைக்குக் கம்பிமேல் உங்களை ஏமாற்றிவிடும். இதற்கு வேறு கையுறை, ரப்பர் மேலங்கி, விரல் மூடிய செருப்பு எல்லாம் அவள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருக்கின்றன.

இன்னொன்று. அவள் துணிமணிகளைப் பெட்டிகளில் கட்டி, எங்கே வைப்பதென்று தெரியாமல் குளியலறைக் குழாய்க்கு முன்னால் அடுக்கி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். யாருக்கும் கொடுக்க வேண்டாம், பிரிக்கவும் வேண்டாம். ஆனால் அங்கிருந்து நகர்த்துங்கள். தோலில் அமிலம் பட்டால் ஓடும் தண்ணீர்தான் மருந்து. உடனே சட்டையைக் கழற்றிவிட்டு, குழாயை முழுக்கத் திறந்துவிட்டு, போதும் என்று தோன்றிய பிறகும் நெடுநேரம் நிற்க வேண்டும். கண் என்றால் தண்ணீரில் கழுவிக்கொண்டே மருத்துவரைத் தேட வேண்டும். சமையல் சோடாவைத் தரையில் சிந்தியதன் மேல் தூவலாம். தோலில் தேய்க்கக் கூடாது. எரிகிற கண்ணோடு பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டிருக்க முடியாது, மாப்பிள்ளை. அவள் புடவைகள் உங்களுக்கும் தண்ணீருக்கும் நடுவே நிற்பதை அவளே விரும்பமாட்டாள்.

நம் சொந்தக்காரர்கள் சிலர், "ஆசிட்டை வெச்சு விளையாடினா, அதான் இப்படி ஆச்சு" என்று பேசுவது உங்கள் காதுக்கும் வந்திருக்கும். எனக்கு நேராகவே சொன்னார்கள். அவர்களை விடுங்கள். உங்களுக்குச் சொல்கிறேன். அத்தனை வருடம் அமிலத்தோடு பழகியும் அவள் விரலில் ஒரு தழும்பு கிடையாது. கடைசியாக அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். ஒவ்வொரு விரலாகப் பார்த்தேன். மருந்துக் கடைப் படியில் ஏறும்போது மூளைக்குள் ஒரு ரத்தக் குழாய் வெடித்ததற்கு எந்தக் கண்ணாடியும் கையுறையும் இல்லை. காத்துக்கொள்ள வழி உள்ளதிலெல்லாம் அவள் காத்துக்கொண்டாள். வழி இல்லாத ஒன்று வந்துவிட்டது. அதனால் காத்துக்கொள்வதே வீண் என்று நினைக்கிறீர்கள். புரிகிறது. காலையில் எழுந்திருக்கும்போது எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

ஆனால் அவளுக்கு அந்த ஒழுங்கைக் கற்றுக்கொடுத்தது நான் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருந்தால், பாதிதான் சரி. கண்ணாடியும் கையுறையும் என்னிடமிருந்து வந்தவை. பெரிய விதி உங்களிடமிருந்து வந்தது. கல்யாணமான புதிதில் அவள் முதல் புட்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது நீங்கள் சொன்னதை அன்றைக்கே எனக்குப் போன் செய்து சொன்னாள். "கீழே ஒரு ஆள் இல்லாம நாங்க கம்பம் ஏற மாட்டோம். நீயும் தனியா இதைத் திறக்கக் கூடாது" என்றீர்களாம். "லைன்மேனைக் கட்டிக்கிட்டா இதான்மா தொல்லை" என்று அலுத்துக்கொண்டாள். அந்த அலுப்பில் எவ்வளவு பெருமை இருந்தது என்று உங்களுக்குத் தெரியாது.

அதன்பிறகு அவள் அமிலத்தைத் தொடும் நாளெல்லாம் நீங்கள் அறைக் கதவருகே அந்த இரும்பு ஸ்டூலில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பீர்கள். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். சத்தம் நின்றால் அவள் திரும்பிப் பார்ப்பாளாம். "தூங்கிட்டீங்களா? வாய் விட்டுப் படிங்க, கீழே ஆள் இருக்கான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று அதட்டுவாளாம். நீங்கள் உடனே வரி விளம்பரங்களையெல்லாம் செய்தி வாசிப்பவரைப்போல் ராகம் போட்டுப் படிப்பீர்களாம். ஒருமுறை நான் பேசியபோது பின்னால் உங்கள் குரல் பழைய கட்டில் விற்பனைக்கு என்று முழங்கிக்கொண்டிருந்தது. "அது ஒண்ணும் இல்லம்மா, என் பாதுகாப்பு ஏற்பாடு" என்றாள்.

அந்த ஸ்டூல் இப்போது காலியாக இருக்க, நீங்கள் மட்டும் உள்ளே போயிருக்கிறீர்கள். கீழே ஆள் இல்லாமல் ஏறியிருக்கிறீர்கள்.

பெண்ணே போன பிறகு மாப்பிள்ளை எங்கே, மாமியார் எங்கே என்று என் அண்ணி கேட்டார். போன மாதம் நீங்களும் "இன்னும் உங்களை அத்தைனு கூப்பிடலாம்ல?" என்று கேட்டீர்கள். அன்று சாப்பிட்டீர்களா என்று பேச்சை மாற்றிவிட்டேன். இன்று சொல்கிறேன். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

படிகத்துக்காக இப்போதே செய்ய வேண்டியது இது. கையுறை போட்டுக்கொண்டு, நூலைப் பிடித்து வெளியே தூக்குங்கள். மெல்லிய துணியில் ஒற்றி எடுத்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் வையுங்கள். கரைசலுக்கு வெளியே வந்துவிட்டால் அது மேலும் கரையாது. எவ்வளவு மிச்சமோ அவ்வளவு மிச்சம். அவள் அலமாரியில் நிறமில்லாத நகப்பூச்சு இருக்கும். நகத்துக்கு ஒருநாளும் பூசாதவள், படிகம் மங்காமல் இருக்க அதைத்தான் பூசுவாள். நான் வந்ததும் பூசலாம். மறுபடி வளர்ப்பதா, இப்படியே விடுவதா என்று இருவரும் உட்கார்ந்து யோசிக்கலாம். வளர்ப்பதானால் எப்படி என்று நான் காட்டுகிறேன்.

ஆமாம், வருகிறேன். வெள்ளிக்கிழமை பேருந்து. முட்டியைக் காரணம் காட்டித் தடுக்காதீர்கள். மடங்காத முட்டியோடு ஸ்டூலில் உட்கார முடியும். மிச்சமிருக்கும் அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றிவிடாதீர்கள். என்னோடு வேலைபார்த்த ஆய்வக உதவியாளர் உங்கள் ஊர்க் கல்லூரியில்தான் இப்போது இருக்கிறார். புட்டிகளை அவர் பொறுப்பில் ஒப்படைக்கலாம். நீங்கள் அவற்றை எடுத்து வையுங்கள், நான் கதவருகே உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறேன். எனக்கு ராகமெல்லாம் வராது. வகுப்பறைக் குரல்தான்.

படிகத்தை எடுத்து வைத்ததும் அந்த அறையைப் பூட்டிச் சாவியைத் தையல்கார அக்காவிடம் கொடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்டாலும் தரக் கூடாது என்று நேற்றே அவரிடம் பேசிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் இரண்டு கண்ணும் இரண்டு கையும் நன்றாக இருக்க வேண்டும். நான் வந்து கதவைத் தட்டும்போது நீங்களே வந்து திறக்க வேண்டும். இப்போதைக்கு இதற்கு மேல் எதுவும் கேட்கத் தெரியவில்லை.

என்றும் உங்கள்,
அத்தை