அண்ணி தேர்ந்தெடுத்த கப்பல்

அண்ணிக்கு,

இன்று காலை பெட்டி அடுக்கும்போது உங்கள் பழைய போன் கைக்கு வந்தது. உறையைக் கழற்றித் துடைத்தேன். மடிப்பில் இன்னும் புளி வாசனை. அண்ணனின் புளி மண்டியில் கொட்டை எடுத்த கையோடு போனை எடுப்பீர்கள். "கழுவிட்டு எடுங்க அண்ணி" என்று நான் கத்துவேன். "புளி பட்டா குத்துவிளக்கே மின்னுது, போனு மின்னாதா?" என்று சிரிப்பீர்கள். நீங்கள் போய் ஒரு வருடம் தாண்டிவிட்டது. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது, பயம் மட்டும்தான் உண்டு. போனை உடனே கீழே வைத்துவிட்டேன்.

நாளை மறுநாள் கப்பல் ஏறுகிறோம். நீங்கள் தேடிய கப்பல்தான். அதைப் பற்றி உங்களிடம் பேசவேண்டியிருக்கிறது. நேரில் சொல்ல வழியில்லாததால் எழுதுகிறேன்.

எல்லாம் அப்பா ஆரம்பித்தது. எண்பதை நெருங்கும்போது ஒருநாள், "சாவறதுக்குள்ள கடலுக்கு உள்ள போய்ப் பாத்துடணும்" என்றார். மலையை விட்டு இறங்கினாலே கால் வலி என்று புலம்புகிற மனுஷன்! நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. மறுநாளே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறி உட்கார்ந்துவிட்டீர்கள். அங்கேதானே சிக்னல் கிடைக்கும். சென்னையில் கப்பல் டிக்கெட் போடும் ஏஜென்சிக்காரரை நீங்கள் படுத்திய பாடு எங்களுக்கெல்லாம் நல்ல பொழுதுபோக்கு. நான் கணியம்பாடியிலிருந்து வரும்போதெல்லாம் பாறைக்குக் கீழே நின்று கேட்பேன்.

"ஏங்க, கட்டிலு எவ்ளோ ஒசரம்? எங்க மாமாவால ஏற முடியணும்."

"பாத்ரூமுக்கு வாசப்படி இருக்குதா? தடுக்கிக்கப் போறாரு."

"ரசம் கெடைக்குமா? எங்க நாத்தனார் வூட்டுக்காரருக்கு ரசம் இல்லன்னா சோறு எறங்காது."

ஒரு கம்பெனியின் கப்பல் பெரியது. என் மகனுக்குப் பிடித்த சறுக்கு, பாட்டு, ஆட்டம் எல்லாம் உண்டு. ஆனால் சாப்பாட்டுக்கூடத்துக்கு அப்பா நடந்து போய்ச் சேர்வதற்குள் அடுத்த வேளை சாப்பாடு வந்துவிடும். இன்னொன்று அமைதியானது, முழுக்க வயதானவர்களுக்கு. அதில் உங்கள் மகள் தேனு மாதிரிப் பிள்ளைகளுக்கு விளையாட எதுவும் இல்லை. மூன்றாவது இரண்டுக்கும் நடுவில். நான் சலித்துப்போய், "எல்லாருக்கும் ஒத்து வர்ற கப்பலு எங்கதான் இருக்கு?" என்று கேட்டேன். நீங்கள் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "அப்பிடி ஒண்ணு கெடையாது கண்ணு. யாருக்கு எது ஒத்துக்காதோ அதத் தள்ளிக்கினே வா. மிச்சம் நிக்கிறதுதான் நம்ம கப்பலு."

தள்ளித் தள்ளி அந்த மூன்றாவதில் வந்து நின்றீர்கள். அறைகளையும் நீங்களே தீர்மானித்தீர்கள். கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில், லிஃப்டுக்குப் பக்கத்தில். நடுவில் ஆட்டம் குறைவாம். பால்கனி வேண்டவே வேண்டாம் என்றீர்கள். அண்ணனுக்கு அதுதான் மனக்குறை. "கடலுக்குப் போய் செவுத்தையா பாக்கறது?" என்றான். "நம்ம தேனு எதுலயும் ஏறுற புள்ள. எனக்கு செவுரு போதும்" என்றீர்கள். அந்த மழைக்காலத்தில் உங்களுக்குக் காய்ச்சல் வந்து, வேலூருக்குத் தூக்கிக்கொண்டு போய், வண்டி திரும்பி மலை ஏறியபோது நீங்கள் வெள்ளைத்துணியில் இருந்தீர்கள். தேனு எதிலும் ஏறவில்லை. மூலையில் உட்கார்ந்து உங்கள் போனில் உங்கள் படங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒருவரிடமும் பேச்சு இல்லை.

வருடம் திரும்பியதும் அப்பா கப்பல் பேச்சை எடுத்தார். "அவ ஆசப்பட்டது. போய்ட்டு வந்துடலாம்." அண்ணன் அதே கப்பலில்தான் போட்டான், ஆனால் மேல்தளத்தில், பால்கனி வைத்த அறை. யாருக்கும் அவனிடம் வாதாடத் தெம்பில்லை.

பூவும் பொட்டுமாகப் போனவர் நீங்கள். இனி எங்கள் வீட்டுப் பூவாடைக்காரி, வீட்டைக் காக்கும் தெய்வம். நல்ல காரியம் எதுவானாலும் முதலில் தண்ணீர்க் கரையில் உங்களைக் கூப்பிட்டு, கலசத்தில் வீட்டுக்கு அழைத்து வந்து, புதுப்புடவை வைத்துப் படைத்த பிறகுதான் மற்றதெல்லாம். பம்பை மேளம் அடித்து உங்களை அழைக்கக் கலசப்பாக்கத்துப் பம்பைக்காரர் வந்தார். மேல்காட்டுச் சுனைக்குப் போனோம். உச்சிவெயில். பம்பை ஓசையில் குருவிகள்கூட அடங்கிவிட்டன. அவர் உங்களை வருந்தி வருந்திக் கூப்பிட்டுவிட்டு, "புருசன் ஒரு வார்த்த கூப்பிடுப்பா" என்றார். அண்ணன் முட்டி போட்டான். அதுவரை அழாதவன் உடைந்து அழுதான். "கப்பலுக்கு வா. நீ இல்லாம எப்படிப் போவேன்? எங்ககூடக் கப்பலுக்கு வந்துடு" என்று கதறினான்.

காற்றே இல்லை, அண்ணி. ஆனால் சுனைத் தண்ணீர் ஒருமுறை கரையை நனைத்துவிட்டு உள்ளே போனது. கலசத்தைத் தூக்கிய என் கை கனத்தது. பம்பைக்காரர் முகம் சுருங்கியதைப் பார்த்தேன்.

அடுத்த நாள் ஏஜென்சிக்காரர் அண்ணனைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எல்லாரும் கேட்டோம். "ரூம் மாத்தியாச்சு சார். அம்மா சொன்ன மாதிரியே கீழ்த்தளம், நடுவுல, பால்கனி இல்லாம."

"எந்த அம்மா?" என்றான் அண்ணன்.

"வழக்கமா பேசுவாங்களே சார், அந்த அம்மாதான். நேத்து மத்தியானம் கூப்பிட்டாங்க. ரொம்ப நாளா சத்தத்தையே காணோமேன்னு கேட்டேன். ஒடம்பு சரியில்லாம இருந்துச்சுன்னாங்க."

அப்பா வெற்றிலையை மெல்வதை நிறுத்திவிட்டார். அண்ணன் போனைத் தரையில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான், அது சுடுகிற பாத்திரம் போல. உங்கள் போனில் சிம் கார்டு கிடையாது. நீங்கள் இறந்த அந்த மாதமே அண்ணன் எடுத்துவிட்டான்.

நான்தான் பம்பைக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் சொன்னார்: "பூவாடைய வூட்டுக்கு வான்னுதாம்மா கூப்பிடணும். வந்து வூட்டோட இருந்து காக்கணும். ஒங்க அண்ணன் கப்பலுக்கு வான்னுட்டாரு. தண்ணியிலேர்ந்து எடுத்தவள மறுபடியும் தண்ணிக்கே கூப்பிட்டா, பெத்தவ புள்ளய வுட்டுட்டுத் தனியாவா போவா?"

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. தேனுவின் மேல் இருந்த கண்ணை எடுக்கவில்லை. அப்படியும் மறுநாள் சாயங்காலம் அவளைக் காணோம். பின்பக்கம் ஓடினேன். பாறையின் விளிம்பில் உட்கார்ந்து, கால்களைத் தொங்கப் போட்டுக்கொண்டு, உங்கள் போனைக் காதில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

அது பிள்ளைக் குரல் இல்லை, அண்ணி. உங்கள் குரல். பேச்சுக்கு நடுவே தொண்டையைச் செருமிக்கொள்வீர்களே, அது உட்பட. கட்டில் உயரம் கேட்டது. வாசற்படி கேட்டது. ரசம் கேட்டது. கூப்பிட்டால் திடுக்கிட்டு விழுந்துவிடுவாளோ என்று மூச்சை அடக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். கை எட்டும் தூரத்தில் இருந்தபோது அந்தக் குரல் இறங்கியது.

"அப்பறம் ஒண்ணுங்க. கூட ஒரு பொண்ணு வருது. அம்மா இல்லாத புள்ள. அத யாரு பாத்துக்குவாங்க?"

உங்கள் கேள்விகளில் இந்த ஒன்றுக்கு மட்டும் ஏஜென்சிக்காரரால் பதில் சொல்ல முடியாது. "நான் பாத்துக்கறேன் அண்ணி" என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே பிள்ளையை இடுப்போடு சேர்த்துப் பின்னால் இழுத்துக்கொண்டேன்.

தேனு திரும்பிப் பார்த்தாள். தூங்கி எழுந்த முகம். "நீ யார்கிட்ட அத்த பேசுற?" என்றாள், தன் சொந்தக் குரலில். பிறகு, "பசிக்குது" என்றாள். நான் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

யார் பேசியது என்று நான் ஆராயப் போவதில்லை. பிள்ளை உங்கள் பேச்சை மனப்பாடமாக வைத்திருந்தாள் என்று என் மகன் சொல்கிறான். சரி. சிம் இல்லாத போனிலிருந்து சென்னைக்குப் பேசியது யார் என்று கேட்டால், "நெட்டு, கிட்டு" என்று முனகுகிறான். அவனுக்கும் பயம்தான்.

பயணத்தை நிறுத்திவிடலாம் என்று அண்ணன் சொன்னான். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அவ பாத்து வச்ச கப்பலு. மரியாதயாப் போவோம். ஆனா மொதல்ல கூப்பிட்டதத் திருத்து" என்றார். நேற்று மறுபடியும் சுனைக்குப் போனோம். அண்ணன் இம்முறை அழவில்லை. "வூட்டுக்கு வா. வந்து வூட்டப் பாத்துக்கோ" என்றான். படையலுக்கு வைத்த பச்சைப் புடவையை எனக்குத்தான் கட்டிக்கொள்ளக் கொடுத்தார்கள். நீங்கள் கேட்டீர்களா, வந்தீர்களா, எனக்குத் தெரியவில்லை. கலசம் இம்முறை கனக்கவில்லை.

அதனால்தான் இந்த மடல். கட்டில் உயரமில்லை, கேட்டுவிட்டேன். அப்பாவுக்குக் கைப்பிடி உண்டு. என் வீட்டுக்காரருக்கு ரசப்பொடி எடுத்து வைத்தாயிற்று. தேனுவின் படுக்கை என் அறையில். கப்பலின் மேல்தளத்துக்குப் போனால் என் முந்தானையை அவள் இடுப்பில் முடிந்துகொண்டுதான் நடப்பேன், பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். ஊர் திரும்பிய பிறகும் அந்த முடிச்சை அவிழ்ப்பதாக இல்லை.

உங்களைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குத் தெரியும். ஒரு வருடமாக வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் நீங்கள்தான் என்று நினைத்துக்கொள்கிறவள் நான். இருந்தாலும் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன். கப்பலுக்கு வராதீர்கள், அண்ணி.