சமையல்காரர் வீட்டுப் பழையது

கோவில்பதாகை,
ஆவணி, வெள்ளிக்கிழமை.

என் மரியாதைக்குரிய நைனாவுக்கு,

மகள் பூங்காவனம் வணங்கி எழுதுவது. நாங்கள் மூவரும் சௌக்கியம். குன்னூர்க் குளிரில் நீங்களும் சௌக்கியம் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். தம்பி ஆனந்தனுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் எல்லோரும் கேலி செய்கிறார்கள் என்று வாயைப் பொத்திக்கொண்டு திரிகிறான். ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது. ஒரு விஷயம் முடிந்ததும் புதிய பத்தி தொடங்க வேண்டும் என்பது எங்கள் டீச்சர் சொன்ன விதி. ஆகையால் அடுத்ததற்குப் போகிறேன்.

பங்களா ரைட்டர் ஐயா கையால் நீங்கள் எழுதி அனுப்பிய கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு இரண்டு முறை படித்துக் காட்டினேன். துரையம்மா பங்களாவுக்குப் பின்னால் உங்களுக்கு ஓர் அறையும் சமையற்கட்டும் தருவதாகவும், குடும்பத்தை அழைத்து வரலாம் என்றும், என்னை அங்கே பள்ளிக்கூடத்தில் சேர்க்கலாம் என்றும் எழுதியிருந்தீர்கள். மாதக் கடைசிக்குள் பதில் வராவிட்டால் அறை தோட்டக்காரர் குடும்பத்துக்குப் போய்விடும் என்பதையும் படித்தேன்.

அம்மாவின் பதிலை அவள் சொன்னபடியே எழுதச் சொல்கிறாள். “நாங்க வரல. அங்க வந்து நான் இன்னா பண்ணப் போறேன்? பழய சோத்துல தண்ணி ஊத்தி வெக்கிறதுக்கு ஒரு பொஞ்சாதி வேணுமா? அத்த அவுரே ஊத்திக்கினு துன்னட்டும்.” இவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொன்னாள். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ரைட்டர் ஐயா அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தப் பத்தியைத் தயவுசெய்து நைனாவின் காதருகில் மெதுவாகப் படிக்கவும். நைனா, ஆடித் திருவிழாவுக்கு நீங்கள் வந்திருந்தபோது அம்மா விரால் மீன் வாங்கிக் குழம்பு வைத்தாளே, நினைவிருக்கிறதா? விடியற்காலையில் ஏரிக்கரைக்கே போய், உயிரோடு துள்ளுகிற மீனாகப் பார்த்து வாங்கி வந்தாள். நீங்கள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, “நாகு, பழையது இருந்தா ஒரு ரவ கொடேன், வெங்காயம் போதும்” என்றீர்கள். எப்போதும் கேட்பதுதான். ஆனால் அன்று பக்கத்து வீட்டு ராஜம்மா அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “இன்னாடி நாகவல்லி, துரை ஊட்டு சமையல்காரரு நாக்குக்கு உன் கைச்சோறு எறங்குமா? அங்க வெண்ணெயும் கேக்கும் துன்ற நாக்காச்சே” என்று சிரித்துவிட்டுப் போனார். அம்மா குழம்புச் சட்டியை மூடி வைத்தாள். மறுநாள் அடுப்பே பற்றவைக்கவில்லை. எங்கள் எல்லோருக்கும் பழைய சோறுதான். அவுருக்குப் புடிச்சதே எல்லாருக்கும் புடிக்கட்டும் என்றாள்.

அதைப் பார்த்து நீங்கள் வேறு மாதிரி நினைத்துவிட்டீர்கள். லீவு முடியும் முன்பே புறப்பட்டு, ஆவடி ஸ்டேஷனில் என் தலையைத் தடவி, “உங்கம்மாவுக்கு நான் வர்றதே புடிக்கல போல கீது” என்றீர்கள்.  அதற்குள் ரயில் வந்துவிட்டது.

திங்கட்கிழமை.

மேலே உள்ளதை எழுதி முடித்தும், தபாலாபீசுக்குப் போக முடியவில்லை. கரையான்சாவடியில் அன்னம்மாள் பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம். மாட்டுவண்டியில் போய்விட்டு வந்தோம். நடந்ததை எழுதாமல் இந்தக் கடிதத்தை அனுப்பக் கூடாது என்று தோன்றுகிறது.

சமைக்க வருவதாக இருந்த ஆளுக்குக் காய்ச்சல் என்று கல்யாணத்தன்று விடியும்போதுதான் செய்தி வந்தது. பெண்டுகள் எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். அப்போது பெரியம்மா, “ஏண்டி, சமையல்காரன் பொஞ்சாதி ஒருத்தி இங்க கீறப்போ நமக்கு இன்னா கவலை? நாகு, வந்து கரண்டியப் புடி” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். “அவுரு சமையலுக்கும் எனக்கும் இன்னாக்கா சம்பந்தம்? அவுரு சுட்ட ரொட்டியக்கூட நான் கண்ணால பாத்ததில்ல” என்று அம்மா சொல்லிப் பார்த்தாள். யாரும் விடவில்லை.

நைனா, நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கொல்லையில் கோட்டை அடுப்பு வெட்டியிருந்தார்கள். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றாள். பூசணிக்காய்ச் சாம்பார், கத்திரிக்காய்க் கூட்டு, ரசம், வெல்லப் பாயசம் எல்லாம் அவள் சொன்னபடிதான் நடந்தன. உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்பாள், கண்ணை மூடுவாள், “உப்பு இன்னும் ரவ” என்பாள். புகையில் அவள் கண் இரண்டும் மிளகாய்ப் பழம் மாதிரி ஆகிவிட்டன. பந்தியில் மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர் மூன்றாம் முறை பாயசம் கேட்டு வாங்கினார். ஆக்கினது யார் என்று விசாரித்து, துலுக்கானம் பெண்சாதியா, அப்படித்தான் இருக்கும் என்றார். இதை அவர் உங்களைத்தான் புகழ்ந்து சொன்னார் என்று குறித்துக்கொள்ளவும்.

கடைசிப் பந்தியில் பெரியம்மா அம்மாவை உட்காரவைத்து, தன் கையாலேயே இலை போட்டுப் பரிமாறினார். அம்மா சாம்பார்ச் சோற்றைப் பிசைந்தாள். ஒரு வாய் வைத்தாள். அப்புறம் கை நின்றுவிட்டது. “எறங்கலக்கா” என்றாள். பெரியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. “இன்னாடி இது? எங்க ஊட்டுச் சோறு உனக்கு அவ்ளோ எளப்பமாப் பூட்ச்சா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். “ஐயோ, அதில்லக்கா! காலைலேந்து அந்த வாசனையே மோந்துகினு நின்னேன். வவுறு தானா ரொம்பிப் போச்சு. உன் சோத்தக் கொற சொல்வேனா?” என்றாள் அம்மா. சொன்ன கையோடு என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அதற்குப் பிறகு இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

வீட்டுக்கு வந்து தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டாள். பிறகு உறியிலிருந்து சட்டியை இறக்கி, முந்தின நாள் சோற்றைப் பிழிந்து, உப்புப் போட்டு, ஒரு வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து சாப்பிட்டாள். ஆனந்தன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. நீராகாரத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு வெகுநேரம் சட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். “ஒரு நாள் அடுப்பாண்ட நின்னதுக்கே இப்டி கீது” என்று மட்டும் சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

இன்று காலை நான் புத்தகத்தை எடுத்ததும், “அந்த மலைல ரொம்பக் குளுருமாடி?” என்று கேட்டாள். உயரம் ஏற ஏறக் குளிர் அதிகமாகும் என்று பூகோளப் புத்தகத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். அவள் யோசித்தாள். “அப்டின்னா ராத்திரி தண்ணி ஊத்தி வெச்ச சோறு அங்க புளிக்குமா? சும்மா சில்லுனு கல்லு மாதிரியில்ல கெடக்கும்? அதான் அந்த மன்சன் இங்க வந்தா அதையே கேக்குறாரா?” என்றாள். எங்கள் பூகோளப் புத்தகம் பெரியதுதான், ஆனால் பழைய சோறு பற்றி அதில் ஒன்றும் எழுதவில்லை. ஆகையால் உங்களைக் கேட்கிறேன். அந்த அறையில் அடுப்பு சுவரோரமாக இருக்கிறதா? அடுப்பாண்ட, கதகதப்பில் ஒரு சட்டி வைக்க இடம் உண்டா? அம்மா இதை விசாரிக்கச் சொல்லவில்லை. ஆனால் நான் எழுதும்போது அருகில் நின்று, எழுதிவிட்டேனா என்று பார்த்தாள். அவளுக்குத்தான் எழுத்து தெரியாதே, எப்படிக் கண்டுபிடித்தாளோ!

வெள்ளிக்கிழமை எழுதிய பதிலை அடித்துவிடட்டுமா என்று கேட்டேன். “அடிக்காத. அதுவும் நான் சொன்னதுதான். அவுரும் கொஞ்சம் ரோசப்படட்டும்” என்றாள். ஆகையால் அது அப்படியே இருக்கிறது. வருகிறோம் என்று எழுதட்டுமா என்றும் கேட்டேன். எழுந்து போய், பரணிலிருந்த கம்பளியை எடுத்து வெயிலில் போட்டாள்.

நைனா, நான் சின்னப்பெண், பெரியவர்கள் விஷயத்தில் சொல்லக் கூடாது. இருந்தாலும் அறையைத் தோட்டக்காரருக்கு விட்டுவிடாதீர்கள். வா என்று கடிதத்தில் எழுதினால் அம்மா மறுபடியும் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். நீங்களே இரண்டு நாள் லீவு கேட்டு நேரில் வாருங்கள். முடிவில் என்ன எழுத வேண்டும் என்று அம்மாவைக் கேட்டேன். ஒன்றும் வேண்டாம் என்று அடுப்படிக்குப் போனவள், அங்கிருந்தே சொன்னாள்: “நேரத்துக்குச் சாப்புடுறாரான்னு கேளு.”

கேட்டுவிட்டேன், நைனா. பதிலைக் கடிதத்தில் எழுத வேண்டாம். வந்து அவளிடமே சொல்லுங்கள்.

தங்கள் வரவைப் பார்த்திருக்கும் மகள்,
து. பூங்காவனம்